பந்து செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன்: பவுலிங் பந்துப் பராமரிப்பு

பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளை (பின்களை) வீழ்த்தும் பவுலிங் ஆட்டத்துக்காக நல்ல விலை கொடுத்து வாங்கிய பந்து நாலைந்து மாதத்தில் "முன்ன மாதிரி திரும்ப மாட்டேங்குது" என்ற புலம்பலுக்கு ஆளாகிவிடுகிறது. அதோடு அதன் கதை முடிந்தது என்று மூலையில் வைத்துவிட்டு அடுத்த பந்துக்குப் பணம் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்தப் பந்துக்குத் தீராத கோளாறு ஒன்றும் இருக்காது. பந்து பின்களை நோக்கி வளைந்து திரும்பாமல் போவதற்கு மூன்று தனித்தனிக் காரணங்கள் உண்டு. ஒன்று, லேனிலிருந்து (பந்து உருளும், எண்ணெய் பூசிய பாதையிலிருந்து) வந்து மேலே படிந்திருக்கும் எண்ணெயும் அழுக்கும். இரண்டு, ஆடி ஆடித் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்ட மேற்பரப்பு. மூன்று, உள்ளே ஊறிப்போன எண்ணெய். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. துடைத்தால் தீரும் கோளாறுக்கு வெந்நீரில் ஊறப்போடுவதும், ஊறிய எண்ணெயை எடுக்காமல் மேலே பாலிஷ் போட்டு மூடுவதும்தான் நல்ல பந்துகளைக் கெடுக்கின்றன.

கையில் இருப்பது எந்த வகைப் பந்து என்று முதலில் தெரிய வேண்டும். பாலியெஸ்டர் பந்து, அதாவது எல்லோரும் பிளாஸ்டிக் பந்து என்று சொல்வது, எண்ணெயை உறிஞ்சாது. ஸ்பேர் அடிக்க (முதல் உருட்டலில் விழாமல் நின்ற பின்களை வீழ்த்த) அதை வைத்திருப்பவர்கள் ஆட்டம் முடிந்ததும் துடைத்துப் பையில் வைத்தால் போதும். பல வருடம் உழைக்கும். 1980களின் தொடக்கத்தில் வந்த யூரித்தேன் பந்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. 1990களின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் ரெசின்தான் ஆட்டத்தையே மாற்றியது. பராமரிப்பு என்று நாம் பேசுவதில் முக்கால்வாசி அதற்குத்தான். யூரித்தேனோடு பிளாஸ்டிசைசர் போன்ற சேர்மானங்களைக் கலந்து வார்க்கும்போது, அது இறுகும் வேளையில் மேலோடு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டாகின்றன. புது மண்பானை தண்ணீரைக் குடிப்பதுபோல அந்தத் துளைகள் லேன் எண்ணெயைக் குடிக்கும். குடிப்பதால்தான் பந்துக்கு லேனில் பிடிமானம் கிடைக்கிறது. குடித்ததை வெளியே எடுக்காவிட்டால் அதே குணம் அதற்கு எதிரியாகிவிடுகிறது.

லேனில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது புரியும். பந்தை விடும் இடத்து எல்லையான ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. எண்ணெய் அந்த நீளம் முழுக்க இருக்காது; பேட்டர்னைப் (எண்ணெய் பூசும் அமைப்பைப்) பொறுத்து 30 சொச்சம் அடியிலிருந்து 50 அடி வரை போடுவார்கள். வாடிக்கையாளர்களுக்காகப் போடும் சாதாரணப் பேட்டர்ன் 40 அடியை ஒட்டி இருக்கும். நிமிடத்துக்கு 300 சுற்று என்ற வேகத்தில் கையை விட்டுக் கிளம்பும் பந்து, பின்களைச் சேர எடுக்கும் இரண்டரை விநாடியில் பன்னிரண்டு தடவைக்கு மேல் சுற்றும். பந்தின் உள்ளே இருக்கும் கோர் (நடுக்கட்டி) முழு உருண்டையாக இல்லாததால் ஒவ்வொரு சுற்றுக்கும் அதன் அச்சு கொஞ்சம் நகர்கிறது. அதனால் லேனைத் தொடும் கோடும் நகர்கிறது. ஆடி முடித்துத் திரும்பி வந்த பந்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அடுத்தடுத்து வளையம் வளையமாக எண்ணெய்க் கோடுகள் தெரியும். இரண்டு இடங்களில் அவை ஒன்றையொன்று வெட்டிக் குறுகும், நடுவில் விரிந்து நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புது இடம் லேனைத் தொட வேண்டும் என்பதற்காகத்தான் பந்தை அப்படிச் செய்திருக்கிறார்கள். முந்தின ஷாட்டின் கோடுகளைத் துடைக்காமல் அடுத்த ஷாட் ஆடினால் அந்த ஏற்பாடே வீணாகிவிடும்.

ஆகவே ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் துடைப்பதுதான் பராமரிப்பின் முதல் பாதி. நல்ல தடிமனான மைக்ரோஃபைபர் துணி போதும். ஒரு புறம் தோல், மறுபுறம் மைக்ரோஃபைபர் என்று வரும் துணிகளும் நன்றாக இருக்கும். ட்ராக் பகுதியை (லேனைத் தொட்டு உருளும் பட்டையை) மட்டும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போகாமல் பந்தை முழுதாகச் சுற்றித் துடையுங்கள். துணி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று எண்ணெயை எடுக்க, ஒன்று கடைசியில் துடைக்க. துவைக்கும்போது ஃபேப்ரிக் சாஃப்ட்னர், கம்ஃபர்ட் போன்றவற்றைப் போடவே கூடாது. அந்த வழவழப்பு துணி இழையில் தங்கி, பிறகு பந்தில் ஏறும். துணியும் எண்ணெயை உறிஞ்சாமல் தள்ளிக்கொண்டே போகும். சோப்புத்தூளில் தனியாக அலசி நிழலில் காயவிடுங்கள்.

இரண்டாவது பாதி, ஆட்டம் முடிந்த உடனே செய்ய வேண்டியது. இங்கேதான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். ஷூவைக் கழற்றி, பேசி, சாப்பிட்டு, வீட்டுக்குப் போய் மறுநாள் துடைத்துக்கொள்ளலாம் என்றால் மேலே இருந்த எண்ணெய் அதற்குள் உள்ளே போயிருக்கும். லேனில் உருண்ட பந்து கொஞ்சம் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் எண்ணெய் இளகியிருக்கும், எளிதாக வந்துவிடும். கடைசி ஃப்ரேம் முடிந்ததும் பந்தை எடுத்து, கிளீனரை முழுதும் தெளித்து, 20, 30 விநாடி விட்டு, அழுத்தித் துடையுங்கள். துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொண்டு இன்னொரு முறை. வேலை இரண்டு நிமிடம்தான். இதை மட்டும் தவறாமல் செய்பவருக்குக் கீழே சொல்லப்போகும் வெந்நீர் வேலை பாதியாகக் குறையும்.

பவுலிங்குக்கென்றே விற்கும் கிளீனர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காத ஊரில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போதும். 70 சதவீதம் என்றால் அப்படியே பயன்படுத்தலாம். 99 சதவீதம் என்றால் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்க்க வேண்டும். இது எண்ணெயை நன்றாகக் கரைக்கும், ஆனால் சீக்கிரம் ஆவியாகிவிடும். காயவிட்டால் கரைந்த எண்ணெய் திரும்பப் பந்திலேயே படியும். அதனால் பாதிப் பந்துக்குத் தெளித்து உடனே துடைத்துவிட்டு, பிறகு மறுபாதிக்கு வாருங்கள். தீப்பற்றும் சரக்கு என்பதால் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து இந்த வேலை வேண்டாம்.

அசிடோன், நெயில் பாலிஷ் ரிமூவர், பெயிண்ட் தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் பந்தின் பக்கம் வரக் கூடாது. எண்ணெயோடு சேர்த்து மேலோட்டின் பிளாஸ்டிசைசரையும் அவை இழுத்துவிடும். சில மேலோட்டை மென்மையாக்கும், பிறகு வெடிக்க வைக்கும். இதற்கு ஒரு சரித்திரமே உண்டு. 1973ல் அமெரிக்காவின் டான் மெக்கியூன் பிளாஸ்டிக் பந்தைக் கரைப்பானில் ஊறவைத்து மேற்பரப்பை மென்மையாக்கி ஆடினார். அந்த ஒரே வருடத்தில் பி.பி.ஏ. (தொழில்முறை பவுலர்கள் சங்கம்) பட்டங்கள் ஆறு வென்று ஆண்டின் சிறந்த ஆட்டக்காரரும் ஆனார். பந்தின் கடினத்தன்மைக்கு விதிமுறை வந்தது அதற்குப் பிறகுதான். கார் பாலிஷ், மெழுகு, சிலிகான் ஸ்பிரே போன்றவை வேறு விதமாகக் கெடுக்கும். பளபளப்பு வரும், ஆனால் நுண்துளைகளை அடைத்துவிடும்.

போட்டியில் ஆடுபவர்கள் கவனத்துக்கு: அமெரிக்காவின் யு.எஸ்.பி.சி. (பவுலிங் விதிகளை வகுக்கும் அமைப்பு) விதிப்படி நடக்கும் போட்டிகளில் 2019 ஆகஸ்ட் 1 முதல் ஆட்டத்தின் நடுவே திரவ கிளீனர் எதுவும் பயன்படுத்தக் கூடாது. உலர்ந்த துணி மட்டும்தான். உப்புத்தாள், தேய்க்கும் பேட் எதுவானாலும் ஆட்டம் தொடங்கிய பிறகு பந்தில் படக் கூடாது. தேய்ப்பதை ஆரம்பிக்கும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். தேய்த்தால் பந்து முழுக்க ஒரே மாதிரி தேய்க்க வேண்டும். ட்ராக்கை மட்டும் கரடாக்கிவிட்டு மீதியை விட்டுவைப்பதும் விதிக்குப் புறம்பு.

மேற்பரப்பு: பந்தின் உண்மையான குணம் இங்கேதான்

பந்து வாங்கிய பெட்டியிலோ கம்பெனியின் தளத்திலோ அதன் ஃபினிஷ் (மேற்பரப்பு எவ்வளவு கரடு என்பது) எழுதியிருக்கும். 2000 அப்ரலான் (தேய்த்த பேடின் நம்பரும் பெயரும்), 500 மேல் 2000, பாலிஷ் செய்தது என்று ஏதாவது ஒன்று. அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம்பர் சின்னதாக இருந்தால் கரடு அதிகம். பந்து எண்ணெயிலேயே பிடித்து முன்கூட்டியே திரும்பும். நம்பர் பெரிதாக ஆக, அதற்கும் மேல் பாலிஷ் ஏற ஏற, பந்து வழுக்கிக்கொண்டு நெடுந்தூரம் போய்க் கடைசியில் வெட்டித் திரும்பும். ஒரே பந்தை 500ல் ஒரு பந்தாகவும் 4000ல் வேறு பந்தாகவும் ஆடலாம்.

சிக்கல் என்னவென்றால், 500ல் தேய்த்த பந்து 500ஆகவே இருக்காது. ஒவ்வொரு உருளலும் லேனோடு ஒரு உரசல். கீறல்களின் கூர்முனைகள் மழுங்கி, ட்ராக் பகுதி சில ஆட்டங்களிலேயே 1500, 2000 அளவுக்கு வழவழப்பாகிவிடும். கரடாக இருந்த பந்துதான் வேகமாக மாறும். 3000, 4000ல் இருக்கும் பந்து மெதுவாக மாறும். இதை லேன் ஷைன் என்பார்கள். ட்யூப்லைட்டுக்கு நேராகப் பந்தைச் சாய்த்துப் பாருங்கள். மீதி இடம் மங்கலாக இருக்க, ட்ராக் மட்டும் பட்டை பட்டையாக மின்னும். அந்த மினுக்கம் தெரிந்தால் கிளீனர் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் பயனில்லை. பேடை எடுத்தாக வேண்டும்.

அப்ரலான் என்பது ஸ்பாஞ்சு முதுகு வைத்த 6 அங்குல வட்டப் பேட். 180, 360, 500, 1000, 2000, 3000, 4000 என்று வரும். சியாஏர் என்ற பேடும் இதே வேலைக்குத்தான். கார் பெயிண்டர்கள் பயன்படுத்தும் வாட்டர் பேப்பர் அவசரத்துக்கு உதவும். ஆனால் தாளின் மடிப்பு ஓரம் ஆழமான கீறலைப் போட்டுவிடும். உருண்டையில் அழுத்தம் சமமாகவும் இறங்காது. ஸ்பாஞ்சு பேட் பந்தின் வளைவோடு சேர்ந்து வளையும் என்பதால் காசு கொஞ்சம் கூடினாலும் அதுவே நல்லது.

ஸ்பின்னர் (பந்தைச் சுழற்றும் இயந்திரம்) இல்லாமல் கையாலேயே இதைச் செய்யலாம். பந்து உருண்டு ஓடாமல் இருக்கப் பானைக்கு வைக்கும் பிரிமணை அருமையாக உதவும். இல்லையென்றால் ஈரத் துண்டை முறுக்கி வளையமாக வையுங்கள். முதலில் பந்தைக் கிளீனர் போட்டுத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு தேய்த்தால் பேட் அடைத்துக்கொள்ளும். பேடையும் பந்தையும் நனைத்து, பந்தை ஆறு முகமாக மனதில் பிரித்துக்கொள்ளுங்கள்: மேல், கீழ், சுற்றி நாலு பக்கம். ஒவ்வொரு முகத்திலும் அரை நிமிடம், உள்ளங்கை முழுதாகப் பதிய, வட்டம் வட்டமாக. ஆறு முகமும் முடிந்ததும் பந்தைக் கொஞ்சம் திருப்பி வைத்து இன்னொரு சுற்று. பந்தின் நிறத்திலேயே கலங்கலாகத் தண்ணீர் வடியும். அது வந்தால்தான் பேட் வேலை செய்கிறது என்று அர்த்தம். விரல் துளைகளின் ஓரத்தில் மட்டும் அழுத்த வேண்டாம், விளிம்பு மழுங்கிவிடும். அடுத்த நம்பருக்குப் போகும் முன் கலங்கலைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். முந்தின பேடின் ஒரு துகள் தங்கினாலும் 2000 பேடின் கீழே அது தனியாகக் கோடு இழுக்கும். கடைசியில் உலர்த்தி வெளிச்சத்தில் பாருங்கள். கீறல்கள் எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நடுவில் மினுக்கும் திட்டு தெரிந்தால் அங்கே பேட் இன்னும் இறங்கவில்லை.

ஸ்பின்னர் இருந்தால் நாலு பக்கம் போதும். துளைகள் மேலே பார்த்தபடி ஒரு தடவை, கீழே பார்த்தபடி ஒரு தடவை, பக்கவாட்டில் எதிரெதிராக இரண்டு தடவை, ஒவ்வொன்றும் 30, 45 விநாடி. பேடை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. பந்தின் இடுப்பிலிருந்து உச்சிக்கும் உச்சியிலிருந்து இடுப்புக்கும் நகர்த்திக்கொண்டே இருங்கள், தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். ஸ்பின்னரில் உலர்ந்த பேட் சூட்டைக் கிளப்பும். பேடும் பாழ், பந்திலும் கருகல் தடம் விழும்.

ஒரே நம்பர் பேட் எப்போதும் ஒரே ஃபினிஷ் தராது என்பதையும் மறந்துவிடாதீர்கள். புது 500 பேட் கடுமையாக வெட்டும். ஏழெட்டு முறை பயன்படுத்திய 500 பேட் 1000க்குப் பக்கத்தில் போய்விடும். பேடின் பின்பக்கம் மார்க்கரில் கோடு போட்டுக் கணக்கு வைத்துக்கொண்டால், இன்றைக்கு ஏன் பந்து வேறு மாதிரி போகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

மேற்பரப்புக் கரடுக்கும் யு.எஸ்.பி.சி. வரம்பு வைத்திருக்கிறது: சராசரி 50 மைக்ரோ அங்குலம், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றே கால் பங்கு. அப்ரலானில் 500க்குக் கீழே போக வேண்டிய தேவை முழு ரீசர்ஃபேஸிங்கில் (மேற்பரப்பை அடியிலிருந்து புதுப்பிப்பதில்) மட்டுமே வரும். அப்போதும் 360ல் தொடங்கினால் பெரும்பாலும் போதும். 180 ஆழமான கீறல்களுக்கு மட்டும். ஒவ்வொரு தடவையும் பந்தின் உடம்பிலிருந்து கொஞ்சம் போகிறது. விதிப்படி பந்தின் விட்டம் 8.5 அங்குலத்துக்கும் 8.595 அங்குலத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். அந்த இடைவெளி இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவு. சாதாரணப் புதுப்பிப்புக்கு, அதாவது ஆறேழு ஆட்டத்துக்கு ஒரு முறை, பந்தின் கடைசி ஃபினிஷ் எதுவோ அந்த ஒரு பேடை மட்டும் ஆறு முகத்திலும் போட்டால் போதும். 50, 60 ஆட்டத்துக்கு ஒரு முறை கரடிலிருந்து தொடங்கி முழு ஃபினிஷ்.

பாலிஷ் பற்றி ஒரு வார்த்தை. பாலிஷ் போட்ட பந்தைக் கிளீனரால் மங்கலாக்க முடியாது, பேட் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதேபோல அழுக்கின் மேலும் எண்ணெயின் மேலும் பாலிஷ் போடக் கூடாது. முதலில் எண்ணெயை எடுத்து, 500, 1000 என்று ஏறி, அதற்கு மேல்தான் பாலிஷ். அடியில் இருக்கும் கீறலைப் பொறுத்தே பாலிஷின் பலன் இருக்கும். 500 மேல் பாலிஷும் 2000 மேல் பாலிஷும் பார்வைக்கு ஒரே பளபளப்பு, லேனில் இரண்டும் இரண்டு விதம்.

எண்ணெய் ஊறியிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கிளீனர் போட்டுத் துடையுங்கள். பிறகு பெட்டியில் எழுதியிருந்த ஃபினிஷுக்குப் பேட் போடுங்கள். அதோடு பழைய திரும்பல் வந்து நின்றுவிட்டால் கோளாறு மேற்பரப்பில் மட்டும்தான், அங்கேயே விட்டுவிடலாம். ஓரிரு ஆட்டம் நன்றாகத் திரும்பி மறுபடி சோர்ந்துவிட்டாலோ, துடைத்துச் சுத்தமாக வைத்த பந்தின் ட்ராக்கில் மறுநாள் கை வைத்தால் வழுக்கினாலோ, எண்ணெய் உள்ளே இருக்கிறது. பின்களில் மோதும் விதத்திலும் தெரியும். பாக்கெட்டில் (முதல் பின்னுக்கும் அதை அடுத்த பின்னுக்கும் நடுவில்) சரியாகவே விழுகிறது, ஆனாலும் பந்து உள்ளே ஏறாமல் விலகிப்போய், வலது கைக்காரருக்கு வலது கோடியில் இருக்கும் 10ஆம் பின் அடிக்கடி நின்றுவிடும். (பந்தைத் தவிர வேறு காரணங்களாலும் 10ஆம் பின் நிற்கும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.)

எண்ணெயை வெளியே எடுக்க வெந்நீர் முறைதான் வீட்டில் செய்யத் தகுந்தது. முன்னதாக ஒரு விஷயம்: சில கம்பெனிகள் சூடு காட்டிய பந்துக்கு உத்தரவாதம் தருவதில்லை. உத்தரவாதக் காலம் முடியாத பந்தென்றால் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

பந்தைக் கிளீனரால் துடைத்து, 500 பேடால் ஒரு முறை தேய்த்துவிடுங்கள். மேலே இறுகிய படலம் போனால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். பிறகு துளைகளை அகலமான பேக்கிங் டேப்பால் மூடி, ஓரங்களை நகத்தால் நன்றாகத் தேய்த்து ஒட்டுங்கள். துளைக்குள் வெந்நீர் இறங்கினால் இன்சர்ட்டின் (விரல் துளைக்குள் ஒட்டியிருக்கும் ரப்பர் வளையத்தின்) பசை விட்டுவிடும். தவிர, துளையின் உள்ளே கோர் பொருள் திறந்து கிடக்கும், அது ஈரத்துக்கு ஆனதல்ல. பக்கெட்டின் அடியில் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள்.

தண்ணீரின் சூடு 50லிருந்து 60 டிகிரி செல்சியஸுக்குள். அதற்கு மேல் போகவே கூடாது. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் அளவைக் கொண்டு சமாளிக்கலாம். குழாய்த் தண்ணீர் 30 டிகிரி இருக்கும் நம் ஊர்களில், கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் இரண்டு பங்கு கலந்தால் 53 டிகிரியை ஒட்டி வரும். குழாய்த் தண்ணீர் 10 டிகிரியில் வரும் குளிர் நாட்டில் இருப்பவர்கள் சரிபாதி கலந்தால் 55. முதலில் தண்ணீரைக் கலந்துவிட்டுப் பிறகு பந்தை இறக்குங்கள். பந்தை உள்ளே வைத்துக்கொண்டு மேலே கொதிநீர் ஊற்றக் கூடாது. ஏசி அறையிலிருந்தோ விமானத்தின் சரக்கு அறையிலிருந்தோ வந்த பந்தை நேராக வெந்நீரில் போடவும் கூடாது. சில மணி நேரம் வெளியே வைத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான்.

பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு ஐந்தாறு சொட்டுப் போதும். 12 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள பந்து மூழ்கும். 10, 11 பவுண்டுப் பந்து மிதக்கும், ஏனென்றால் அந்த அளவு உருண்டை விலக்கும் தண்ணீரின் எடையே பன்னிரண்டு பவுண்டுக்குச் சற்றுக் குறைவுதான். மிதக்கும் பந்தைப் பாதி நேரத்தில் திருப்பி விடுங்கள். 20 நிமிடம் கழித்து வெளியே எடுத்ததும் பாருங்கள்: ட்ராக்கை ஒட்டி மஞ்சளாக, பிசுபிசுப்பான முத்து முத்தாக எண்ணெய் துளிர்த்து நிற்கும். சூடு ஆறினால் அது மறுபடி உள்ளே போய்விடும். அதனால் அந்த நிமிடமே உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்து எடுங்கள். தண்ணீரை மாற்றி மறுபடி. துளிர்ப்பது நின்றால் வேலை முடிந்தது. 60 ஆட்டம் ஆடிய பந்துக்கு இரண்டு மூன்று தடவை பிடிக்கும். இரண்டு வருடம் கவனிக்காமல் கிடந்த பந்து ஐந்தாறு தடவை கேட்டாலும் கேட்கும். அதை இரண்டு நாளாகப் பிரித்துச் செய்யுங்கள். பிறகு சோப்புப் போக நல்ல தண்ணீரில் அலசி, டேப்பைப் பிரித்து, ஒரு நாள் முழுக்க அறையில் வைத்துவிட்டு, பேட் போட்டுப் பழைய ஃபினிஷுக்குக் கொண்டு வாருங்கள்.

பெரிய புரோ ஷாப்களில் (பவுலிங் சாமான் கடைகளில்) இதற்கென்றே 60 டிகிரியை ஒட்டி நிலையாக வைத்திருக்கும் சூட்டுப் பெட்டி இருக்கும். அந்த வசதி பக்கத்தில் இருந்தால் கொடுப்பது நல்லது. வீட்டு மைக்ரோவேவ், கேக் ஓவன், பாத்திரம் கழுவும் இயந்திரம், ஹேர் டிரையர், மொட்டைமாடி வெயில் இவற்றில் எதுவும் வேண்டாம். ஹேர் டிரையர் ஒரே இடத்தைச் சுடும், மற்றதெல்லாம் எவ்வளவு ஏறுகிறது என்ற கட்டுப்பாடு இல்லாதவை.

சூடு இவ்வளவு பயப்பட வேண்டியதா என்றால், ஆம். பந்தின் மேலோடும் உள்ளே இருக்கும் கோரும் வெவ்வேறு பொருள்கள். சூட்டில் ஒன்று விரியும் அளவுக்கு இன்னொன்று விரியாது. விரிசல் விடுவதற்கு அந்த இழுபறி போதும். சித்திரை வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் பந்தை விட்டுவிட்டு, மாலையில் எடுத்துக்கொண்டு குளுகுளு ஏசி ஹாலுக்குள் போவது பந்துக்குச் செய்யும் மிகப் பெரிய கெடுதல். சென்னையோ கோலாலம்பூரோ, டிக்கியில் பந்தை வைக்காதீர்கள். வீட்டுக்குள் கொண்டு போக முடியாத நாளில் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பாமல் இருப்பதே மேல். சேமித்து வைக்க, நேர் வெயில் படாத, ஏசி வெளியேற்றும் சூட்டுக்குப் பக்கத்தில் இல்லாத அலமாரி போதும். வெறும் தரையில் மாதக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்தால் எடை ஒரு புள்ளியிலேயே இறங்கித் தட்டையாகலாம். கிண்ணம் போன்ற தாங்கியில் வைத்து, ஆடாத மாதங்களிலும் அவ்வப்போது திருப்பி வையுங்கள்.

விரிசல் பெரும்பாலும் முதலில் தெரியும் இடம் பிரிட்ஜ், அதாவது நடுவிரல் துளைக்கும் மோதிர விரல் துளைக்கும் இடையே இருக்கும் கால் அங்குலச் சுவர். நகத்தை அதன் மேல் இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டாவிட்டால் மேலோட்டமானது. புரோ ஷாப்பில் மெல்லிய பசை இறக்கிச் சரிசெய்வார்கள். நகம் மாட்டினால் துளைகளை அடைத்து மறுபடி துளையிடச் சொல்லுங்கள். விரிசல் பிரிட்ஜைத் தாண்டிப் பந்தின் உடம்பில் நீண்டுவிட்டால் அந்தப் பந்தை ஆடவே கூடாது. பின்களில் மோதியோ பால் ரிட்டர்னிலோ (பந்தைத் திருப்பி அனுப்பும் இயந்திரத்திலோ) துண்டானால் இயந்திரமும் கெடும்.

பின்னால் சுவரிலும் கட்டரிலும் (லேனின் ஓரப் பள்ளத்திலும்) உரசிப் பந்தில் விழும் சின்னச் சின்னக் குழிகளில் ட்ராக்குக்கு வெளியே இருப்பவற்றைக் கண்டுகொள்ள வேண்டாம். ட்ராக்கிலோ கட்டைவிரல் பக்கத்திலோ கூரான விளிம்போடு இருந்தால் சரிசெய்யுங்கள். ஆல்கஹாலால் குழியைத் துடைத்து, சூப்பர் குளூவை மெல்லிய அடுக்காக விட்டு, ஒவ்வொரு அடுக்கும் இறுகிய பின் அடுத்தது. மேலே கொஞ்சம் மேடாக வந்ததும் உப்புத்தாளால் மட்டமாக்கி, பிறகு பந்து முழுக்க ஃபினிஷ் பேட். ஆழமான பள்ளத்துக்கு சூப்பர் குளூ தாங்காது, இரண்டு பாகம் கலக்கும் எபாக்சிதான். பால் ரிட்டர்னின் பெல்ட் விடும் கருந்தடங்கள் ஆல்கஹாலிலேயே பெரும்பாலும் போய்விடும். போகாததற்கு வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சு. ஆனால் அதுவும் ஒரு நுண்ணிய உப்புத்தாள்தான் என்பதால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துவிட்டு நிறுத்தாதீர்கள்.

துளைகளுக்குள் வியர்வை, டேப்பின் பசை, பவுடர் எல்லாம் சேர்ந்து கருப்பாகப் படியும். பஞ்சுக்குச்சியில் ஆல்கஹால் தொட்டு மாதம் ஒரு முறை துடையுங்கள். ரப்பர் இன்சர்ட் ஊறும் அளவுக்கு வேண்டாம். இன்சர்ட் இறுகி விரலை அறுக்கத் தொடங்கினாலோ உள்ளே சுழன்றாலோ மாற்ற வேண்டிய நேரம். பழைய பசையைத் துளையின் சுவரிலிருந்து முழுக்கச் சுரண்டிவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். சாய்வு வைத்த இன்சர்ட் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று எடுக்கும் முன்பே பந்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் துளை ஒரு நாள் இறுக்கமாகவும் ஒரு நாள் தளர்வாகவும் இருந்தால் துளையைத் தோண்டிப் பெரிதாக்க வேண்டாம். விரல்தான் வீங்கி வற்றுகிறது. துளைக்குள் ஒட்டும் டேப்பைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்துகொள்ளலாம்.